பதில்: 24 பாக்கெட் பிரித்தும் 401க்கு மேல் எட்டே அட்டைகள்

நண்பரே, ஒரு பெட்டி பேஸ்பால் அட்டை வாங்கி 24 பாக்கெட்டையும் பிரித்தும் 401 முதலான எண்களில் எட்டுதான் வந்தது, ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. டாப்ஸ் நிறுவனம் தன் பழைய அட்டை வடிவங்களில் வெளியிடும் ஹெரிடேஜ் வரிசையின் 2020 தொகுப்பில் 401 முதல் 500 வரை உள்ள எண்கள் வேண்டுமென்றே குறைவாக அச்சிடப்பட்டவை. சராசரியாக மூன்று பாக்கெட்டுக்கு ஒன்றுதான் வரும். 24 பாக்கெட்டில் எட்டு என்பது கணக்காகத்தான் இருக்கிறது.

இப்படிக் குறைவாக அச்சிடுவதும் பழைய காலத்தை நினைவூட்டத்தான். அந்தக் காலத்தில் அட்டைகள் பகுதி பகுதியாக வெளிவரும். கடைசிப் பகுதி வரும்போது பேஸ்பால் பருவமே முடியப்போகும், பையன்கள் அமெரிக்கக் கால்பந்து அட்டைக்குத் தாவியிருப்பார்கள். 1952 தொகுப்பின் கடைசிப் பகுதி விற்காமல் கிடந்து, 1960 வாக்கில் அட்லாண்டிக் கடலில் கொட்டப்பட்டதாக டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 311ஆம் எண் அட்டையும் அதே பகுதிதான்! வயிறு எரிகிறது.

மீதி 92ஐப் பிடிக்க இன்னொரு பெட்டி வாங்காதீர்கள். அதிலும் எட்டுதான் வரும், அதில் ஏற்கெனவே உங்களிடம் இருப்பவையும் வரலாம். தனித்தனியாக வாங்குங்கள், இல்லையென்றால் மற்ற சேகரிப்பாளர்களோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஓரத்தில் வெள்ளை தெரிகிறது என்றீர்களே. 2020 தொகுப்பு 1971 வடிவத்தின் நகல், கறுப்பு ஓரம். பாக்கெட்டுக்குள்ளேயே உரசி வெளுத்துவிடும். பிரித்த கையோடு மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். மார்க்கரால் மட்டும் கறுப்படிக்க வேண்டாம். தரம் பார்ப்பவர்கள் அதைத் திருத்திய அட்டை என்று ஒதுக்கிவிடுவார்கள்.