மேடை நடிகராக ஆசை: ஆடிஷன் எங்கே நடக்கிறது, எங்கிருந்து தொடங்குவது?

வயது 27, அலுவலக வேலை, கல்லூரியில் ஒரு நாடகத்தில் நடித்ததோடு சரி. இப்போது மேடையில் நடிக்க வேண்டும் என்ற ஆசை விடமாட்டேன் என்கிறது. ஆடிஷன் எங்கே நடக்கிறது, அனுபவம் இல்லாதவரை யார் எடுப்பார்கள், இந்த வயதில் தொடங்கினால் தாமதமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 16 வருடமாக மேடையில் இருக்கிறேன். கடந்த 6 வருடமாக எங்கள் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்கிறேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அறிவிப்புகள். நாடகக் குழுக்களின் சமூக ஊடகப் பக்கங்கள், அரங்குகளின் அறிவிப்புப் பலகை, நாடகப் பள்ளிகள், நடிப்புப் பட்டறைகளில் உருவாகும் வாட்ஸ்அப் குழுக்கள், நடிகர் தேர்வுக்கென்றே இருக்கும் இணையதளங்கள் ஆகியவற்றில் வரும். நடிகர் சங்கம் வலுவாக இருக்கும் நாடுகளில் சங்கத்தின் வழியாகவும் தேர்வு விவரம் கிடைக்கும். பிரிட்டனில் ஸ்பாட்லைட் என்ற நடிகர் விவரத் திரட்டு 1927-லிருந்தே வருகிறது. ஆள் தேடுபவர்கள் அதைப் பார்த்து நடிகர்களைக் கூப்பிடுவார்கள். இதையெல்லாம் வாரத்துக்கு இரண்டு முறை பார்த்தால் போதும்.

ஏன் போதும் என்கிறேன் என்றால், பொது அறிவிப்பு வெளியே வரும்போது பாதி வேடங்களுக்கு இயக்குநர் மனதில் ஏற்கெனவே ஒரு முகம் இருக்கும். எங்கள் குழுவிலும் அப்படித்தான். இதை வேண்டியவர்களுக்குச் செய்யும் சலுகை என்று நினைக்காதீர்கள். இரண்டு மாதம், தினமும் மாலை மூன்று மணி நேரம், ஒரே அறையில் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். சொன்ன நேரத்துக்கு வருவாரா, வசனத்தைப் பாடம் பண்ணுவாரா, ஒரு காட்சியை இருபதாவது முறை செய்யச் சொன்னால் முகம் சுளிக்காமல் செய்வாரா என்பது மூன்று நிமிட ஆடிஷனில் தெரியாது. தெரிந்த ஆள் என்றால் அந்தக் கவலை இல்லை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது நாடகம் உருவாகும் அறையை. அந்த அறைக்குள் நடமாடும் ஆளாகிவிட்டால், ஆடிஷன் சேதி தானாகக் காதுக்கு வந்துவிடும்.

நான் தொடங்கிய கதையும் இதுதான். முதல் மூன்று ஆடிஷன்களிலும் என்னை எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில், வெளியே வந்தபோது அங்கிருந்த மேடை நிர்வாகியிடம், "நடிக்க இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒத்திகைக்கு வந்து ஏதாவது வேலை செய்யலாமா?" என்று கேட்டேன். பிராம்ப்ட் பண்ண ஆள் வேண்டும் என்றார். பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது வசனம் மறந்தால் எடுத்துக் கொடுக்கும் வேலை. அதில் யாருமே முன்கூட்டிச் சொல்லாத ஒரு வசதி இருந்தது. அன்றைக்கு வராத நடிகருடைய வசனத்தை பிராம்ப்டர்தான் படிக்க வேண்டும். ஒரு வாரம் மாமனார், இன்னொரு நாள் வக்கீல், ஒரு நாள் பாட்டி. ஏழு வாரத்தில் அந்த நாடகத்தின் எல்லா வேடங்களையும் ஒருமுறையாவது படித்திருப்பேன். இயக்குநர் என் குரலை அப்படித்தான் கேட்டார். அடுத்த நாடகத்தில் ஒரு காட்சி மட்டும் வரும் தபால்காரர் வேடத்துக்கு என்னைக் கூப்பிட்டார். ஆடிஷன் எதுவும் வைக்கவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதுவே. உங்களுக்கு எட்டும் தூரத்தில் நாடகம் போடும் குழுக்களின் நாடகங்களைப் பணம் கொடுத்துப் பாருங்கள். முடிந்ததும் உடனே கிளம்பாமல் நின்று, உங்களை உண்மையிலேயே தொட்ட ஒரு காட்சியைப் பற்றி அந்தக் குழுவினரிடம் பேசுங்கள். வேடம் கேட்காதீர்கள். அடுத்த தயாரிப்பில் மேடைக்குப் பின்னால் வேலை செய்ய ஆள் வேண்டுமா என்று கேளுங்கள். பெரும்பாலான குழுக்களுக்குக் கை போதாது, மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒத்திகை அறைக்குள் உங்களை விடுகிறார்களா என்று பாருங்கள். நாற்காலி தூக்கவும் சாமான் வண்டியோடு போகவும் மட்டும் வைத்திருந்தால் அதில் நீங்கள் கற்பது குறைவு. ஒரு தயாரிப்பு முழுக்க உழையுங்கள். அதன் பிறகு, "நான் நடிக்கத்தான் வந்தேன், அடுத்த ஆடிஷனில் எனக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள்" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அப்போதும் தட்டிக் கழித்தால் வேறு குழுவைப் பாருங்கள்.

சரி, ஆடிஷனுக்கு வருவோம்.

இரண்டு தனிவசனங்கள் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள். ஒன்று கனமானது என்றால் மற்றது சிரிக்க வைப்பது. உங்கள் வயதை ஒட்டிய பாத்திரமாக எடுங்கள். 27 வயதில் அறுபது வயது அரசருடைய மரணப் படுக்கை வசனம் வேண்டாம். சினிமாவில் பெரிய நடிகர் பேசிப் புகழ்பெற்ற வசனமும் வேண்டாம், கேட்பவர் காதில் அந்த நடிகரின் குரல்தான் ஓடும். முக்கியமாக, எப்போதோ நடந்ததை உட்கார்ந்து நினைவுகூரும் வசனத்தைத் தவிர்த்துவிட்டு, எதிரே நிற்கும் ஒருவரிடம் எதையோ கேட்டு, கெஞ்சி, மிரட்டி வாங்கப் பார்க்கும் வசனத்தைத் தேடுங்கள். அதில்தான் நடிக்க இடம் இருக்கிறது.

1898-ல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி நடிகர்களுக்குச் சொல்லித் தந்தவற்றில் பல இன்றும் ஒத்திகை அறைகளில் அன்றாடம் புழங்குகின்றன. பாத்திரம் எந்தச் சூழ்நிலையில் இருக்கிறது, இந்தக் கணத்தில் அதற்கு என்ன வேண்டும், அந்தச் சூழ்நிலையில் நானே இருந்தால் என்ன செய்வேன் என்ற கேள்விகள் அவர் வழி வந்தவை. நான் இவற்றோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வேன்: முதல் வரியைப் பேசுவதற்கு ஒரு நொடி முன்பு என்ன நடந்தது? இதற்குப் பதில் வைத்திருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே அது கண்ணில் தெரிந்துவிடும். இந்தப் பதில்கள் கிடைக்க வேண்டுமானால் நாடகம் முழுவதையும் படித்திருக்க வேண்டும். இணையத்தில் தனியாகக் கிடைக்கும் வசனத் துண்டை மட்டும் பாடம் பண்ணி வருபவர்களிடம், "இவர் யாரிடம் பேசுகிறார்?" என்று கேட்டாலே விழிப்பார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் நாங்கள் என்ன பார்க்கிறோம் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். ஒரு நாள் ஒரு இளைஞர் வந்தார். கணீரென்ற குரல், ஒவ்வொரு அசைவும் கச்சிதம். முடித்ததும் இயக்குநர், "நல்லா இருந்தது. இதையே பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிறது, எழுந்துவிடக் கூடாது என்று நினைத்துச் செய்யுங்கள்" என்றார். அவர் சத்தத்தைக் குறைத்தார். மற்ற எல்லாம் அப்படியே இருந்தன: அதே கையசைவு, அதே இடத்தில் அதே இடைவெளி. அவருக்குப் பிறகு வந்த பெண் முதல் முறை பேசியபோது ஒரு வரியை விட்டுவிட்டார், குரலும் நடுங்கியது. அவரிடமும் அதையே சொன்னோம். அவர் கதவு இருப்பதாக நினைத்த திசையை ஒருமுறை பார்த்தார், செருப்பைக் கழற்றினார், தரையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார். கோபமான வசனம் அப்படியே கெஞ்சலாக மாறிவிட்டது. நாங்கள் நான்கு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டோம். அவரைத்தான் எடுத்தோம். ஒரே வசனத்தை ஒரே மாதிரி நூறு முறை ஒப்பிக்காதீர்கள். நின்று, உட்கார்ந்து, துணி மடித்துக்கொண்டே, கிசுகிசுப்பாக, சிரித்துக்கொண்டே என்று வேறு வேறாகப் பேசிப் பழகுங்கள். "இப்படி மாற்றிச் செய்யுங்கள்" என்று இயக்குநர் சொன்னால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் உங்கள் மேல் ஆர்வம் வந்ததால்தான் அதைக் கேட்பார்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். தேர்வு செய்பவர் கண்ணைப் பார்த்து வசனம் பேசாதீர்கள், அவரால் எழுதவும் முடியாது, கவனிக்கவும் முடியாது. அவர்கள் தலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியை எதிராளியாக வைத்துக்கொள்ளுங்கள். தடுமாறினால் ஒருமுறை "மறுபடி தொடங்கட்டுமா?" என்று கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால், தாளை மார்பு உயரத்தில் பிடித்து, கட்டைவிரலை வரியின் ஓரத்தில் வைத்து, வாக்கியம் முடியும் இடத்தில் நிமிர்ந்து எதிராளியைப் பாருங்கள். வேகமாகப் படிப்பதால் ஒரு பயனும் இல்லை. இசை நாடகம் என்றால் பெரும்பாலும் ஒரு பாட்டின் 16 அல்லது 32 பார் (bar, இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த ஒரு தாள அளவு) மட்டும்தான் பாடச் சொல்லிக் கேட்பார்கள். உங்கள் சுருதியில் எழுதிய இசைத்தாளைக் கொண்டு போங்கள். வீடியோ அனுப்பச் சொன்னால் போனைப் படுக்கைவாட்டில் வையுங்கள். பின்னால் வெறும் சுவர், முகத்தில் வெளிச்சம், எதிர் வசனம் பேச கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் இருந்தால் போதும்.

எடுக்காவிட்டால் மனம் வலிக்கும், எனக்கு இன்றும் வலிக்கிறது. ஆனால் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த பிறகுதான் காரணங்கள் புரிந்தன. ஒருமுறை அன்றைக்கு வந்தவர்களிலேயே மிக நன்றாகச் செய்தவரை நாங்கள் விட்டுவிட்டோம். தம்பி வேடத்துக்கு வந்தவர் அவர், அண்ணனாக நடிப்பவரைவிடப் பத்து வயது பெரியவராகத் தெரிந்தார். வேறு காரணமே இல்லை. அடுத்த நாடகத்தில் அவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டோம்.

பணம் கேட்டால் விலகிவிடுங்கள். நடிக்க ஆள் எடுப்பவர்கள் நடிகருக்குத்தான் பணம் தர வேண்டும். தொடங்கிய காலத்தில், பதிவுக் கட்டணம் கட்டினால் ஆடிஷனுக்குப் பெயர் சேர்ப்பதாகச் சொன்ன ஒரு நிறுவனத்திடம் ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்தேன். ஆடிஷனும் நடக்கவில்லை, பணமும் திரும்பவில்லை. பட்டறைக்கோ வகுப்புக்கோ கட்டணம் இருக்கலாம், அது வேறு. வேடம் தருவதற்கும் ஆடிஷன் நடத்துவதற்கும் யாரும் பணம் கேட்கக் கூடாது. அதேபோல, தனியாக யாருடைய வீட்டுக்கோ விடுதி அறைக்கோ ஆடிஷனுக்கு வரச் சொன்னால் போகாதீர்கள். ஒத்திகைக் கூடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

யாருமே கூப்பிடவில்லை என்றால்? நீங்களே போடுங்கள். 1947-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் சர்வதேசக் கலைவிழா முதன்முறையாக நடந்தபோது, அழைப்பே இல்லாமல் 8 நாடகக் குழுக்கள் வந்து, கிடைத்த இடத்தில் தங்கள் நாடகங்களைப் போட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் எடின்பரோ ஃபிரிஞ்ச் விழா. இன்றும் அங்கே எந்த நாடகம் வரலாம் என்று பொறுக்கி எடுக்கும் குழு கிடையாது. பட்டறையில் பழக்கமான இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு, இருபது நிமிட நாடகம் ஒன்றை, முப்பது பேர் உட்காரும் அறையில் போடுங்கள். உங்களுக்குப் பிடித்த குழுக்காரர்களை அதற்கு அழையுங்கள். ஆடிஷனில் மூன்று நிமிடம் பார்க்கும் அதே ஆள் இங்கே உங்களை இருபது நிமிடம் பார்ப்பார்.

வேலையை இப்போது விடாதீர்கள். மேடை வருமானம் வெகுநாள் வரை ஒழுங்காக வராது, ஒத்திகைக்குச் சம்பளமே இல்லாத குழுக்கள் ஏராளம். இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. 1913-ல் அமெரிக்க மேடை நடிகர்கள் ஈக்விட்டி என்ற சங்கத்தை அமைத்ததற்கும், 1919-ல் வேலைநிறுத்தம் செய்ததற்கும், வாரக்கணக்கில் சம்பளமில்லாமல் ஒத்திகைக்கு வரவேண்டியிருந்தது முக்கியமான காரணங்களில் ஒன்று. ஒப்புக்கொள்ளும் முன் ஒத்திகை எத்தனை நாள், எந்த நேரம், எத்தனை காட்சி, பயணச் செலவு யாருடையது, பணம் உண்டா என்று கேட்டுவிடுங்கள். கேட்பதால் யாரும் வேடத்தைப் பறிக்க மாட்டார்கள்.

கடைசியாக வயது. 27 தாமதம் இல்லவே இல்லை. எங்களிடம் கல்லூரி முடித்த கையோடு வருபவர்கள் நிறைய, ஆனால் அப்பா, அதிகாரி, டாக்டர், மூத்த அண்ணன் என்று முப்பதைத் தாண்டிய வேடங்களுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. போன வருடம்கூட நீதிபதி வேடத்துக்கு ஆள் தேடியே ஒத்திகையை மூன்று வாரம் தள்ளிப் போட்டோம். அந்த வேடத்தைச் செய்தவர் 41 வயதில் முதன்முறையாக மேடை ஏறியவர். அவரும் அலுவலகம் முடிந்துதான் ஒத்திகைக்கு வருவார்.