நோட்புக்கில் படங்களை அருகருகே காட்டுவது: திருகோணமலை மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்

பைதன் கோடை எழுதி விடையை அங்கேயே பார்க்கும் ஜூபிட்டர் நோட்புக்கில் நிறையப் படங்களை ஒன்றாகப் பார்ப்பது பற்றித் திருகோணமலையில் பைதன் படிப்பவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

நிலாவெளி: அக்கா, புறாத்தீவில் எடுத்த பவளப்பாறைப் படங்கள் ஒரு ஃபோல்டர் நிறைய இருக்கு. லூப் போட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போகுது. பக்கத்தில் பக்கத்தில் வர என்ன செய்யலாம்?

ஐபைபிளாட் (ipyplot) என்ற சின்ன லைப்ரரியை, பைதன் லைப்ரரிகளை நிறுவித் தரும் பிப் மூலம் நிறுவுங்கள். அதிலுள்ள பிளாட்_இமேஜஸ் ஃபங்ஷனுக்குப் படங்களின் லிஸ்டைக் கொடுத்தால் போதும். நம்பை அரே (படத்தின் எண் அட்டவணை), பில்லோ என்ற பட லைப்ரரியால் திறந்த படம், கோப்பின் பாதை, இணைய முகவரி எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும். படங்களை இணையப் பக்கம் போல எச்டிஎம்எல்லாகப் போடுவதால், திரையின் அகலத்தைப் பார்த்து பிரவுசரே அடுக்கிவிடும். வரிசை, நிரல் எண்ண வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டால் 30 படங்கள்தான் வரும், ஒவ்வொன்றும் 150 பிக்சல் அகலத்தில். மிச்சப் படங்கள் எங்கே என்று தேடாமல் மேக்ஸ்_இமேஜஸ் மதிப்பைக் கூட்டுங்கள். பவளத்தின் வெளிறிய இடங்கள் தெரிய வேண்டுமென்றால் அகலத்தைச் சொல்லும் ஐஎம்ஜி_விட்த்தை (img_width) 300 ஆக்கிப் பாருங்கள்.

கிண்ணியா: மிஸ், சந்தையில் எடுத்த மீன் படங்களுக்குச் சூரை, பாரை, விளை என்று லேபிள் போட்டிருக்கிறோம். வகை வகையாகப் பிரித்துக் காட்டுமா?

காட்டும். இந்த லைப்ரரியில் எனக்கு மிகவும் பிடித்த வேலையே அதுதான். பிளாட்_கிளாஸ்_டாப்ஸ் ஃபங்ஷனுக்குப் படங்களையும் லேபிள்களையும் ஒரே ஒழுங்கில் கொடுங்கள். வகைக்கொரு டாப் வரும். பாரை டாப்பைத் திறந்ததும் உள்ளே ஒரு சூரை கிடந்தால், மீன் வாங்கிப் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபட்டுவிடும். லேபிள்களை எண்ணிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. மீன் வகையை இனங்காணும் மாடலைப் பயிற்றுவித்து, துல்லியம் ஏன் ஏறவில்லை என்று மண்டையை உடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டாப்பையும் பொறுமையாகப் பாருங்கள். உங்கள் வீட்டில் மீன் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் இருத்துங்கள். வகைக்கு ஒரு படம் மட்டும் போதுமென்றால் பிளாட்_கிளாஸ்_ரெப்ரசென்டேஷன்ஸ் இருக்கிறது.

உப்புவெளி: அப்படியென்றால் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் லைப்ரரி தேவையே இல்லையா?

அறிக்கையில் அச்சடித்துக் கொடுக்க அதுதான் சரி. தாளில் டாப்பைத் திறக்க முடியாதே. படத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் அதன் சப்பிளாட்ஸில் 3 வரிசை, 4 நிரல் என்று நீங்களே தீர்மானியுங்கள். 10 படங்கள்தான் இருந்தால் மிஞ்சும் 2 கட்டங்களின் அச்சுக்கோடுகளையும் அணைத்துவிடுங்கள்.

மூதூர்: 50 படம் போட்டதும் லெப்டொப் அப்படியே நின்றுவிடுகிறது, அக்கா.

கணக்குப் போட்டுப் பாருங்கள், தம்பி. 4000க்கு 3000 பிக்சல் உள்ள ஒரு ஃபோன் படம், மூன்று நிறங்களோடு அரேயாக நினைவகத்தில் ஏறினால் 36 மெகாபைட். 50 படம் என்றால் 1.8 கிகாபைட். ஆகவே லிஸ்டில் சேர்க்கும் முன்பே பில்லோவின் தம்ப்நெயில் ஃபங்ஷனால் 400 பிக்சலுக்குள் சுருக்குங்கள். நீள அகல விகிதம் கெடாது. ஒன்றைக் கவனியுங்கள்: தம்ப்நெயில் அந்தப் படத்தையே சுருக்கும், எதையும் திருப்பித் தராது. அதன் விடையை மாறியில் போட்டால் உங்கள் லிஸ்ட் முழுக்க நன் (None, அதாவது ஒன்றுமில்லை) என்றுதான் இருக்கும். மூலக் கோப்பு வட்டில் அப்படியே இருக்கும், பயப்பட வேண்டாம்.

அப்புறம், நோட்புக்கை நண்பருக்கு அனுப்பும்முன் அவுட்புட்டை அழித்துவிடுங்கள். உள்ளே பதியும் படங்கள் பேஸ்64 எழுத்துகளாக மாறி மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். டேட்டா வீண்.

உவர்மலை: கோட்டைக்குள் எடுத்த புள்ளிமான் நீலமாகத் தெரியுதே?

ஓபன்சிவி என்ற பட லைப்ரரியால் திறந்திருப்பீர்கள். அது நிறங்களை நீலம், பச்சை, சிவப்பு என்ற ஒழுங்கில் வைக்கும். அதன் சிவிடிகலர் (cvtColor) ஃபங்ஷன் மூலம் ஆர்ஜிபிக்கு, அதாவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒழுங்குக்கு மாற்றிவிட்டுக் காட்டுங்கள்.

தம்பலகாமம்: ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வயல் படங்கள் சாய்ந்து கிடக்கின்றன.

எப்படிப் பிடித்து எடுத்தீர்கள் என்ற குறிப்பு, படக் கோப்போடு சேர்ந்து வரும் எக்சிஃப் தகவலில் இருக்கிறது. பில்லோவின் இமேஜ்ஆப்ஸில் உள்ள எக்சிஃப்_டிரான்ஸ்போஸ் அதைப் படித்துப் படத்தை நிமிர்த்தும். இது தம்ப்நெயில் போலல்ல, நிமிர்த்திய படத்தைத் திருப்பித் தரும். அதை ஒரு மாறியில் வாங்கி, பிறகு சுருக்குங்கள்.