பெசெல்: உளி பட்ட சொல்

அன்புள்ள ஐயா,

அப்பா வழியில் நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), அம்மா வழியில் கத்தோலிக்கர்கள். ஆச்சி வீட்டு மாடத்தில் ஒரு மாதா சுரூபம் உண்டு. சென்ற மாதம் நடந்த ஒரு கூட்டத்தில் போதகர் ஒருவர், பத்துக் கட்டளைகளில் ‘விக்கிரகம்’ என்று வரும் இடத்தில் எபிரேயத்தில் ‘பெசெல்’ என்ற சொல் இருக்கிறது என்றும், அதன் வேர்ப்பொருளே பொய்த்தெய்வம், அருவருப்பு என்றும் பேசினார். அன்றிரவே சித்தப்பா ஆச்சியின் சுரூபத்தைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டார். அந்தச் சொல்லின் பொருள் அதுதானா? இன்னொரு ஐயம்: நியாயாதிபதிகள் 3ஆம் அதிகாரத்தில் இதே சொல்லின் பன்மையைச் சிலர் ‘செதுக்கிய உருவங்கள்’ என்றும், 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ‘கல் வெட்டும் குழிகள்’ என்றும் தருவது ஏன்?

அன்புடன்,
ச., தூத்துக்குடி

அன்புள்ள ச.,

அந்தப் பொருள் அந்தச் சொல்லில் இல்லை. பெசெல் கல்தச்சரின் பட்டறைச் சொல். ப-ச-ல என்ற மூன்று மெய்களைக் கொண்ட அதன் வேருக்குச் செதுக்குதல், கொத்திச் சமைத்தல் என்பதே பொருள். செதுக்கப்பட்டது எதுவோ அது பெசெல். இந்த வேர் எபிரேயருக்கு மட்டும் உரியதும் அன்று. இன்றைய சவூதி அரேபியாவில் உள்ள ஹெக்ராவில், மலையைக் குடைந்து நபத்தேயர் என்ற பண்டைய அரபு மக்கள் அமைத்த கல்லறை முகப்புகளில், வேலை செய்த கல்தச்சர்கள் தங்கள் பெயரையும் பொறித்திருக்கிறார்கள். பெயரை அடுத்து அவர்கள் தங்கள் தொழிலைக் குறிக்க எழுதிய சொல் இதே வேரிலிருந்து வந்ததுதான். தன் பெயரோடு இழிசொல் ஒன்றைச் சேர்த்துக் கல்லில் வெட்டிவைக்க எந்தத் தச்சரும் துணியமாட்டார்.

இதற்கு விவிலியத்துக்கு வெளியே போக வேண்டியதுகூட இல்லை. பழைய ஏற்பாட்டில் இந்த வேர் வினைச்சொல்லாக ஆறே இடங்களில் வருகிறது. அவற்றில் நான்கு, மோசே உடைத்துப்போட்ட கற்பலகைகளுக்கு மாற்றாக இரண்டு புதிய பலகைகளைச் செதுக்கியதைப் பற்றியவை. ஐந்தாவது, சாலொமோனின் ஆலயத்துக்காக அவனுடைய ஆட்களும் தீருவின் அரசன் ஈராமின் ஆட்களும் கல் கொத்தியது. ஆறாவதாகிய ஆபகூக் 2:18 ஒன்றில்தான் விக்கிரகம் செதுக்குவதைப் பற்றிய பேச்சு வருகிறது. யாத்திராகமம் 20:4இல் ‘உனக்கு ஒரு பெசெல் செய்யாதே’ என்று சொன்ன அதே கடவுள், 34:1இல் ‘உனக்கு இரண்டு கற்பலகைகளைச் செதுக்கு’ என்று மோசேயிடம் சொல்கிறார். எபிரேயத்தில் அந்த ஏவல் ‘பெசோல் லெகா’. ‘லெகா’ என்றால் ‘உனக்கு’, அது இரண்டு கட்டளைகளிலும் இருக்கிறது. வேரே அருவருப்பானது என்றால், கட்டளைகள் எழுதப்பட்ட பலகைகளையும் அதற்குள் சேர்க்க வேண்டியிருக்கும். உங்கள் போதகர் அதை விரும்பமாட்டார் என்று நினைக்கிறேன்.

மோசே கொத்தியபோது தெறித்த சில்லுகளைப் பற்றி யூத ரபிகளிடையே ஒரு சுவையான விளக்கம் உண்டு. பிற்கால எபிரேயத்தில் செதுக்கும்போது விழும் கழிவுக்கும் இதே வேரிலிருந்து ‘பெசோலெத்’ என்ற சொல் பிறந்தது. ‘உனக்குச் செதுக்கு’ என்று கடவுள் சொன்னதை, ‘சில்லுகள் உனக்கே’ என்று அவர்கள் வாசித்தார்கள். விலையுயர்ந்த கல்லின் சில்லுகளால் மோசே செல்வந்தரானார் என்று யூத ரபிகளின் விளக்கத் தொகுப்பான தால்முத் சொல்கிறது.

இகழ்ச்சியான சொற்கள் எபிரேயத்தில் வேறு இருக்கின்றன, அவை நிறையவே இருக்கின்றன. சங்கீதம் 96:5 பிற இனத்தாரின் தெய்வங்களை ‘எலீலீம்’ என்கிறது. ஒன்றுக்கும் உதவாதவை என்பது அதன் தொனி, கடவுளைக் குறிக்கும் ‘ஏல்’ என்ற சொல்லைக் கேலியாகத் திரித்ததுபோல் காதில் விழுவது. எசேக்கியேல் ஓயாமல் சொல்லும் ‘கில்லூலீம்’ என்பது சாணத்தைக் குறிக்கும் சொல்லோடு ஒலியொத்தது. போதகர் தேடிய பொருள் இந்தச் சொற்களில் கிடைக்கும். கட்டளையில் இருப்பது இவை அல்ல, பெசெல்.

பொய்த்தெய்வம் என்ற பொருளும் பொருந்தாது என்பதற்கு நியாயாதிபதிகள் 17ஆம் அதிகாரமே சான்று. எப்பிராயீம் மலைநாட்டில் மீகா என்பவன் தன் தாயின் 1,100 வெள்ளிக்காசுகளைத் திருடிவிடுகிறான். அவள் சாபமிடுவதைக் கேட்டுப் பயந்து திருப்பிக் கொடுக்கிறான். அவள் மகிழ்ந்து, அந்தப் பணத்தைக் கர்த்தருக்கென்று நேர்ந்து, 200 காசுகளை எடுத்துத் தட்டானிடம் கொடுத்து ஒரு பெசெல் செய்விக்கிறாள். அவள் வேறொரு தெய்வத்தை நினைக்கவில்லை. இஸ்ரவேலின் கடவுளுக்கே அதைச் செய்கிறாள். நூலாசிரியருக்கு அவள் செய்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறு, வேறு தெய்வத்தை நாடியது அல்ல.

இதே கதையில் இன்னொன்றையும் கவனியுங்கள். செதுக்கிய உருவத்தைச் செய்தவன் தட்டான், மூலப்பொருள் வெள்ளி. எபிரேயத்தில் வார்ப்பு உருவத்துக்கு ‘மசேகா’ என்று தனிச்சொல் உண்டு; இவ்விரண்டும் பல இடங்களில் இணைந்தே வரும். ஆனாலும் ஏசாயா 40:19இல் பெசெலையே வார்க்கிறார்கள், தட்டான் அதற்குப் பொன்தகடு வேய்கிறான். உளியில் பிறந்த சொல் நாளடைவில் உலைக்கும் போய்விட்டது. தமிழில் இது நமக்குப் பழக்கமானதுதான். சிலை என்பது கல்லைக் குறிக்கும் ‘சிலா’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. அதனால்தான் கல்வெட்டுக்குச் சிலாசாசனம் என்ற பெயரும் உண்டு. ஆனால் இன்று வெண்கலச் சிலை என்று எழுதும்போது யாருடைய பேனாவும் தயங்குவதில்லை. இன்றைய எபிரேயத்திலும் சிற்பம் என்பதற்குப் பெசெல்தான் சொல். பூங்காவில் நிற்கும் சிற்பத்தை அந்தப் பெயரால் சுட்டும்போது யாரும் முகம் சுளிப்பதில்லை.

அதற்காக, அந்தக் கட்டளைக்கும் வழிபாட்டு உருவங்களுக்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் சித்தப்பாவிடம் வாதாடினால் அதுவும் சரியாகாது. பெயர்ச்சொல்லாக வரும்போது விவிலியத்தில் பெசெல் வழிபடும் உருவத்தையே குறிக்கிறது. ஆலயத்தின் உள்ளறையில் ஒலிவ மரத்தில் செய்து பொன்தகடு போர்த்திய, பத்து முழ உயரமுள்ள இரண்டு கேருபீன்கள், அதாவது சிறகுள்ள வானவர் உருவங்கள், இருந்தன. அவற்றை எவரும் பெசெல் என்று எழுதவில்லை. ஏசாயா 44இல் தச்சன் நூல் பிடித்துக் குறியிட்டு ஒரு மரத்தைச் செதுக்குகிறான். பாதியை அடுப்பில் வைத்து அப்பம் சுட்டு, இறைச்சி பொரித்து, குளிர்காய்ந்து, ‘நல்ல அனல்’ என்று மகிழ்கிறான். மீதியைப் பெசெலாக்கி அதன் முன் விழுந்து, ‘என்னைக் காப்பாற்று’ என்கிறான். தீர்க்கதரிசியின் ஏளனம் மரவேலையின் மீது விழவில்லை, அந்த வேண்டுதலின் மீது விழுகிறது. கட்டளையின் பாரமும், என் வாசிப்பில், ‘நீ அவைகளை நமஸ்கரிக்கவும் சேவிக்கவும் வேண்டாம்’ என்ற அடுத்த வசனத்தின் வினைகளில்தான் இருக்கிறது.

ஆச்சியின் சுரூபத்தைப் பற்றிய வழக்கை எபிரேயச் சொல்லைக் கொண்டு தீர்க்க முடியாது. சொல்லைத்தான் பிடித்துக்கொள்வது என்றால், பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அதே வசனத்தில் விக்கிரகத்துக்கு முன்பாகவே ‘சொரூபம்’ என்ற சொல்லும் இருக்கிறது. அங்கே அது உருவம், சாயல் என்று பொருள்படும் ‘தெமூனா’ என்ற வேறொரு எபிரேயச் சொல்லுக்கு ஈடாக வந்தது. சித்தப்பா இதை இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. வணக்கம் எது, ஆராதனை எது என்பதில் இரு சபைகளும் வேறுபடுகின்றன; அது இறையியல் விவாதம், அகராதியில் விடை கிடைக்காது.

இனி நியாயாதிபதிகள் 3ஐப் பற்றிய உங்கள் இரண்டாவது ஐயம். மோவாபின் அரசன் எக்லோனுக்குக் கப்பம் கொண்டுபோன ஏகூத், கில்கால் என்ற ஊரின் அருகே இருந்த பெசிலீம் (பெசெலின் பன்மை) வரை வந்து, அங்கிருந்து தனியே திரும்பிப் போய் அரசனைக் குத்திக் கொல்கிறான்; தப்பியோடும்போதும் அதே பெசிலீமைக் கடக்கிறான். யோசுவா பன்னிரண்டு கற்களை நாட்டிய கில்காலின் அருகே விக்கிரகங்கள் இருந்தன என்று சொல்லப் பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு மனம் வரவில்லை போலும். தர்கூம் என்ற பழைய அரமேய மொழிபெயர்ப்பு அதைக் கல் வெட்டும் இடமாக்கியது. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பும் அப்படியே எழுதி, செதுக்கிய உருவங்கள் என்பதை ஓரக்குறிப்பில் வைத்தது. எல்லைக் கற்களாக இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. ஏகூத் திரும்பிய இடத்தில் செதுக்கப்பட்ட ஏதோ நின்றது என்பதற்கு மேல் அந்தச் சொல் எதையும் சொல்லவில்லை.