ராத்திரி நாலைந்து முறை எழுந்து அழுகிறான், என்ன செய்வது டாக்டர்?

கேள்வி: என் மகனுக்கு 20 மாதம் ஆகிறது. இரவு ஒன்பதரைக்குப் பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடுவான். பதினொன்றுக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை, அப்புறம் விடியும்வரை அடிக்கடி எழுந்து அழுகிறான். மார்பில் போட்டால்தான் அடங்குவான், அவன் அப்பா தூக்கினால் அழுகை இன்னும் கூடுகிறது. பகலில் நன்றாக விளையாடுகிறான், எடையும் சரியாக இருக்கிறது. நான் வேலைக்குப் போகிறவள். போன வாரம் நடு ராத்திரியில் அவனைப் பார்த்துக் கத்திவிட்டேன், பிறகு நானும் உட்கார்ந்து அழுதேன். அழவிட்டால் தானாகத் தூங்கிவிடும் என்கிறார்கள் சிலர். சளி மருந்து ஒரு ஸ்பூன் கொடு என்கிறார்கள் வேறு சிலர். எதைக் கேட்பது?

பதில்: முதலில் நீங்கள் கத்தியதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில் தொடர்ந்து இரண்டு மணி நேரம்கூடத் தூங்காத ஒருவர் நடு ராத்திரியில் குரலை உயர்த்தினார் என்பதற்காக அவர் மோசமான அம்மா ஆகிவிட மாட்டார். காலையில் அவன் உங்களிடம் ஓடிவந்து ஒட்டிக்கொண்டிருப்பான், அதை நம்புங்கள். ஆனால் இன்னொரு முறை அப்படிக் கோபம் பொங்கினால் ஒன்று செய்யுங்கள். விழுந்துவிடாத பாதுகாப்பான இடத்தில் அவனைப் படுக்க வைத்துவிட்டு, வெளியே வந்து ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம் அழுவதால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. கோபத்தில் பிடித்துக் குலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம், எவ்வளவு களைப்பானாலும் அது மட்டும் கூடவே கூடாது.

சரி, தூக்கத்துக்கு வருவோம். உங்கள் மகன் விழித்துக்கொள்வது நோய் இல்லை. ராத்திரியில் விழிக்காத குழந்தையே கிடையாது. நமக்குத் தூக்கத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 90 நிமிடம் என்றால் இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் லேசாகி, பாதி விழித்து, புரண்டு படுத்து, திரும்ப உள்ளே போகிறார்கள். 'என் குழந்தை ராத்திரி எழுவதே இல்லை' என்று சொல்கிற வீட்டிலும் குழந்தை எழுகிறது, யாரையும் கூப்பிடாமல் திரும்பத் தூங்கிவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் பையன் தூங்கும்போது வாயில் பால், முதுகில் உங்கள் கை, முகத்துக்குப் பக்கத்தில் உங்கள் மூச்சு. பதினொரு மணிக்குப் பாதி விழிக்கும்போது அது எதுவும் இல்லை. கட்டிலில் படுத்த நீங்கள் விழிக்கும்போது தரையில் கிடந்தால் திடுக்கிட்டு எழ மாட்டீர்களா? அவனுக்கும் அதேதான். தூங்கிப்போனபோது இருந்ததைத் திரும்பக் கேட்டு அழுகிறான்.

அதனால்தான் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வது என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறேன். மாற்ற வேண்டியது ஒன்பதரை மணியை. அவன் முதலில் எப்படித் தூங்கிப்போகிறானோ அப்படித்தான் ராத்திரி முழுக்கத் திரும்பத் தூங்கக் கேட்பான்.

பாலைத் தூக்கத்திலிருந்து பிரியுங்கள். பாலை நிறுத்தச் சொல்லவில்லை, தாய்ப்பாலை இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால், விளக்கு எரியும்போதே, உட்கார்ந்து கொடுத்து முடித்துவிடுங்கள். அப்புறம் பல் தேய்ப்பது, உடை மாற்றுவது, ஒரே ஒரு கதை, விளக்கை மங்கலாக்குவது என்று தினமும் அதே வரிசையில் போகட்டும். அந்த வரிசைதான் அவனுக்குக் கடிகாரம். படுக்க வைக்கும்போது தூக்கக் கலக்கம் இருக்கட்டும், ஆனால் விழித்திருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருங்கள், முதுகில் கை வைத்திருங்கள். மூன்று நான்கு நாள் கழித்துக் கையை எடுத்துவிட்டு வெறுமனே உட்காருங்கள். அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள். ஒரே படுக்கையில் படுக்கிற குடும்பம் என்றாலும் இதே கணக்குதான், அணைத்தபடி, பிறகு கை மட்டும், பிறகு பக்கத்தில் சும்மா படுத்திருப்பது. இந்த வயதில் கூடப் படுத்துத் தூங்குவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு முடிவு.

ராத்திரிப் பாலை ஒரேயடியாக வெட்ட வேண்டாம், அவனுக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும்தான். திடீரென்று நிறுத்தினால் மார்பில் பால் கட்டி, வீங்கி, காய்ச்சல்கூட வரலாம். பத்து நிமிடம் குடிக்கிறான் என்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒன்றிரண்டு நிமிடம் குறைத்துக்கொண்டே வாருங்கள். எடை சரியாக உள்ள, பகலில் நன்றாகச் சாப்பிடுகிற 20 மாதக் குழந்தைக்கு ராத்திரிப் பால் பசிக்குத் தேவைப்படுவதில்லை. (இதைப் படிக்கிறவர்களில் பாட்டில் பால் கொடுப்பவர்கள் இருந்தால், பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடாதீர்கள், முன் பற்கள் சொத்தையாகிவிடும்.)

அப்பா தூக்கினால் அதிகம் அழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரைப் பிடிக்காததால் இல்லை, அவரிடம் பால் இல்லை என்பது தெரிவதால். அதனாலேயே இதற்கு அவர்தான் பொருத்தமான ஆள். முதல் விழிப்பை மட்டும் அவர் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் வேறு அறையில் படுங்கள், அழுகை கேட்டு எழுந்து வராதீர்கள். அவர் கையில் வைத்து ஆறுதல் சொல்லும்போது வருகிற அழுகை, தனியாகக் கிடந்து அழுகிற அழுகை இல்லை. ஒரு மணிவரை அவர், அதற்குப் பிறகு நீங்கள் என்று முறை வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் ஒரு நீளத் தூக்கமாவது கிடைக்கும்.

அவன் முனகியதும் ஓடாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள், பல நேரம் அது பாதித் தூக்கச் சத்தம்தான், நாம் தூக்கித்தான் முழுசாக எழுப்பிவிடுகிறோம். போகத்தான் வேண்டும் என்றால் விளக்குப் போடாமல், பேச்சை வளர்க்காமல், 'அம்மா இருக்கேன், தூங்கு' என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மூன்றாவது நான்காவது ராத்திரி அழுகை முன்பைவிட மோசமாகலாம், அங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் அழுத பிறகு பழையபடி பால் கொடுத்தால், ஒரு மணி நேரம் அழுதால் கிடைக்கும் என்றுதான் அவன் கற்றுக்கொள்வான். கொடுப்பதென்றால் உடனே கொடுத்துவிடுங்கள், இல்லை என்றால் கடைசிவரை இல்லை.

கதவைச் சாத்திவிட்டு அழவிடுவது? நான் சொல்ல மாட்டேன். பிரிவுப் பயம் இன்னும் பலமாக இருக்கக்கூடிய வயது இது. அதற்காக, தூக்கப் பழக்கும்போது கொஞ்சம் அழுதால் மனம் பாதிக்கப்படும் என்றும் பயப்பட வேண்டாம். இடைவெளி விட்டுப் போய்த் தேற்றுவது, பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக விலகுவது என்று பழக்கப்பட்ட குழந்தைகளை ஆஸ்திரேலியாவில் ஆறு வயதில் திரும்பப் பரிசோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மனநிலையிலோ பெற்றோருடனான ஒட்டுதலிலோ எந்தக் குறையும் தெரியவில்லை.

சளி மருந்து வேண்டவே வேண்டாம். அதில் தூக்கம் வரவழைக்கும் பொருள் இருப்பது உண்மைதான், ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது மூச்சைப் பாதிக்கலாம். சில குழந்தைகள் நேர்மாறாக, ராத்திரி முழுக்கத் துள்ளிக்கொண்டிருப்பார்கள்.

பகலையும் பாருங்கள். இந்த வயதுக்கு 24 மணி நேரத்தில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும், பகல் தூக்கமும் இதில் சேர்த்தி. பகலில் ஒரே தூக்கம், அதுவும் மூன்று மூன்றரைக்குள் முடிந்துவிட்டால் நல்லது. காலையில் எழுப்பும் நேரம் விடுமுறை நாளிலும் மாறக்கூடாது. தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போன், டிவி இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் உடம்பில் வேறு கோளாறு இல்லை என்றால்தான். வாரத்தில் பல நாள் குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து கழுத்தைப் பின்னால் சாய்த்துத் தூங்குகிறானா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்று ஒரு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் வீடியோ எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கியிருக்கலாம். தூக்கத்தில் காலை உதறிக்கொண்டே இருந்தால், முகமும் வெளிறியிருந்தால் இரும்புச்சத்து குறைவா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மாட்டுப்பால் நாளுக்கு 700 மில்லிக்கு மேல் குடித்து வேறு உணவு சாப்பிடாத குழந்தைகளிடம் இதை நிறையப் பார்க்கிறேன். ஆசனவாயைச் சொறிந்துகொண்டு எழுந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம், பெண் புழு ராத்திரியில்தான் வெளியே வந்து முட்டையிடும், குடும்பம் முழுவதும் மருந்து எடுக்க வேண்டியிருக்கும். திடீரென்று ஒரு வாரமாக மட்டும் படுக்க வைத்தாலே அலறினால் காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை வந்துகொண்டே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது வெறும் அசதி இல்லை. உங்களுக்கென்று ஒரு மருத்துவரைப் பாருங்கள், மகனுக்கு என்று போகும்போது அல்ல, தனியாக.

பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியும். நடுவில் கடைவாய்ப் பல் முளைக்கும், காய்ச்சல் வரும், அந்த நாட்களில் தூக்கிக்கொள்ளுங்கள், பால் கொடுங்கள், கணக்குப் பார்க்காதீர்கள். உடம்பு சரியானதும் நாற்காலி எந்த இடத்தில் நின்றதோ அங்கிருந்து மறுபடி ஆரம்பியுங்கள்.