குடிச்சவர் பாட்டு எப்படி ஜெபமாகும்?

கேள்வி: போன இதழ்ல ஐரிஷ் மொழி பக்திக் கவிஞர் டைக் கேலக் ஓ சூலவானை அவ்வளவு புகழ்ந்திருந்தீங்க. பாதி ஆயுசு குடியும் கூத்துமா இருந்துட்டு, சாகப்போற பயத்துல சாமி பக்கம் திரும்பினவர் தானே? அந்தப் பாட்டுக்கெல்லாம் என்ன மதிப்பு?

பதில்: சாகப்போற பயம்னு எதை வச்சு சொல்றீங்க? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்க. 1715 வாக்குல லிமெரிக் பக்கம் பிறந்தவர், மனசு மாறினப்போ வயசு சுமார் 50, செத்தது 1795ல. நடுவுல கிட்டத்தட்ட 30 வருஷம் வாட்டர்ஃபோர்ட் பக்கம் ஏழையா சுத்திக்கிட்டு பக்திப் பாட்டு மட்டுமே பாடிட்டு இருந்திருக்கார், பயத்துல இருக்கறவன் 30 வருஷம் பாடுவானா?

குடிச்சார், காதல் பாட்டு எழுதினார், பதவி பறிபோய் நாட்டை விட்டுப்போன கத்தோலிக்க ஸ்டூவர்ட் அரச வம்சத்து இளவரசன் திரும்பி வருவான்னு அரசியல் பாட்டும் எழுதினார், அதை நான் மறைக்கல. ஆனா அந்தக் காலம் எப்படிப்பட்டதுன்னும் பாக்கணும்ல. கத்தோலிக்கர் நிலம் வாங்க முடியாது, பள்ளிக்கூடம் நடத்த முடியாதுன்னு சட்டம் போட்டிருந்தாங்க, கவிஞர்களை வச்சு ஆதரிச்ச பழைய ஐரிஷ் பிரபுக்கள் எல்லாம் அழிஞ்சுபோயிருந்தாங்க, பாட்டு கட்டத் தெரிஞ்சவனுக்கு கஞ்சி ஊத்த ஆள் இல்ல.

நீங்க குறையா பாக்கற அந்தப் பழைய வாழ்க்கைதான் அவர் பாட்டுக்கே பலம்னு நான் நினைக்கிறேன். சனங்க வாயில ஏற்கனவே ஓடிட்டிருந்த மெட்டுலயே அவர் ஜெபத்தைக் கட்டினார், அதனால எழுதப் படிக்கத் தெரியாதவங்களும் ஒரு தடவை கேட்டா பிடிச்சுக்கிட்டாங்க. "என் இதயத்தோட வெளிச்சம் உன் இதயந்தான், மீட்பரே"ன்னு ஆரம்பிக்கிற அவரோட இயேசுவின் திருஇருதயப் பாட்டை அயர்லாந்துல இன்னிக்கும் பூசையில பாடறாங்க. முந்தி காதலிக்கு எழுதின அதே கைதான் அதையும் எழுதியிருக்குன்னு முதல் வரியிலயே தெரியும், எனக்கு அந்த இடத்துலதான் தொண்டை அடைக்குது.

மதிப்பு என்னன்னு கேட்டீங்க இல்லையா. அவர் செத்து 7 வருஷம் கழிச்சு, 1802ல, க்ளான்மெல் ஊர்ல "பயஸ் மிஸலனி"ன்னு ஒரு சின்ன புத்தகம் வந்தது. தலைப்பு இங்கிலீஷ்ல, உள்ள பாட்டு ஐரிஷ்ல. ஐரிஷ்ல அச்சான புத்தகமே அபூர்வமா இருந்த அந்த 19ஆம் நூற்றாண்டுல இதை மட்டும் திரும்பத் திரும்ப அச்சடிச்சிருக்காங்க, வாங்கினவங்க பெரும்பாலும் விவசாயிகளும் சின்ன ஊர் சனங்களும். 1845ல ஆரம்பிச்ச உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்கு முன்னாடி, அயர்லாந்தோட தெற்குப் பகுதியான மன்ஸ்டர் கிராமங்கள்ல ஒருத்தர் படிக்க மத்தவங்க கேட்டு மனப்பாடம் பண்ணின புத்தகம் இது. 1903ல பாதிரியார் டினீன் அவர் பாட்டுகளைத் தொகுத்துப் பதிப்பிச்சப்போ, பாடினவர் செத்து நூறு வருஷம் தாண்டியிருந்தது.

டைக்கைப் புதைச்ச இடம் வாட்டர்ஃபோர்ட் பக்கத்து பாலிலனீன். கல்லறைக்கு லத்தீன்ல இரங்கல் கவிதை எழுதினது யார் தெரியுமா? டொனக்கா ரூவா மக் கொன்மாரான்னு இன்னொரு ஐரிஷ் கவிஞர், கிட்டத்தட்ட அவர் வயசுதான், குடிக்கும் ஊர்சுத்தலுக்கும் அவரை விடவே பேர்போனவர். டைக் எங்கிருந்து எங்க வந்து சேர்ந்தார்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்ச அளவுக்கு உங்களுக்கும் எனக்கும் தெரியாது.