ஐஸ்கிரீம் டப்பாத் தக்காளியும் பெயரில்லாப் பொட்டலமும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். சிமெண்டுத் தரையைத் தவிர வேறு இடமில்லை. டிசம்பரில் ஆறும் ஒன்பதும் வயதான பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாக்களில் தக்காளி விதைத்தோம். செடிகள் மெலிந்து, இலைகள் மஞ்சளாகிவிட்டன. இலைக்கடியில் வெள்ளை ஈ மொய்க்கிறது. சந்தை வாசலில் ஒருவர் கறுப்புக் குருணை மருந்தை ஒரு பொட்டலம் விற்று, வேருக்கு ஒரு சிட்டிகை போதும் என்றார். போடலாமா?

பதில்: போடக் கூடாது, சகோதரி. பொட்டலத்தைப் பிரிக்காமல் இறுகிய மூடியுள்ள பாட்டிலில் வைத்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். அதைக் குப்பையிலோ கழிப்பறையிலோ கொட்டாமல் நகராட்சியின் சுகாதார ஆய்வாளரிடம் ஒப்படையுங்கள். அங்கே உங்களை மூன்று மேசைகளுக்கு அலைக்கழிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அலையுங்கள்.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2024 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சொவேட்டோவின் நலேடி பகுதியில் ஆறு சிறுவர்கள் இறந்தபோது, அவர்களைக் கொன்றது டெர்புஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லி என்று சுகாதார அமைச்சர் அறிவித்தார். பெரிய பண்ணைகளுக்கென்று வந்த இந்தச் சரக்கு, இடைத்தரகர் கை மாறிச் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து, எலிக்கும் கரப்பானுக்கும் என்று சொல்லி டாக்ஸி நிலையங்களில் விற்கப்படுகிறது. இதைப் போன்ற குருணைகள் பூச்சியின் மேல் பட்டுக் கொல்வதோடு நிற்பவை அல்ல. வேர் அதை உறிஞ்சும், செடி முழுவதும் பரவும், நீங்கள் பறிக்கும் காயிலும் அது தங்கும். அந்த மரணங்களுக்குப் பிறகு ஸ்பாசா எனப்படும் குடியிருப்புப் பகுதிச் சிறுகடைக்காரர்கள் 21 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. நடைபாதையில் கோணிப்பையிலிருந்து அளந்து விற்பவனுக்கு நிரப்புவதற்கு எந்தப் படிவம் இருக்கிறது?

சட்டப்படி விற்கும் மருந்தின் உறையில், உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் உரிய 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டம் குறிப்பிடப்பட்டிருக்கும். 'எல்' (L) என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அந்த எண் இல்லாத எதையும், விற்பவர் உறவினராகவே இருந்தாலும், வாங்காதீர்கள். பிள்ளை தொட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலோ, எச்சில் ஒழுகுதல், வாந்தி, மூச்சுத் திணறல் போன்றவை தென்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வழியிலேயே நச்சுத் தகவல் மையத்தின் 0861 555 777 எண்ணை அழையுங்கள்.

இனி செடிக்கு வருவோம். உங்கள் தக்காளிக்கு நோயைவிட இடநெருக்கடிதான் பெரிய தொல்லை. ஒரு தக்காளிச் செடிக்கு இருபது லிட்டர் வாளி வேண்டும். மிளகாய்க்குப் பத்து லிட்டர் போதும். மேலும் டிசம்பர் மாதம் டர்பன் கடற்கரைக்கு ஏற்ற தக்காளிப் பருவமே அல்ல. மழையும் புழுக்கமும் சேர்ந்து இலைநோயை வரவழைக்கும். பனி உறையாத இந்தக் கரையோரத்தில் மார்ச்சு வாக்கில் விதைத்துக் குளிர்காலத்தில் காய் பறிப்பதே நல்லது. தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் 'ஆடிப் பட்டம் தேடி விதை' காணொளிகளை ரசிக்கலாம், பின்பற்ற வேண்டாம்; அங்கே ஆடி பிறக்கும்போது நமக்கு நடுக்குளிர்காலம்.

வாளிக்குக் காசு கொடுக்காதீர்கள். ஊறுகாய் தயாரிப்பவர்களும் உணவகங்களும் காலி வாளிகளைத் தூக்கி எறிகிறார்கள். பெயிண்ட் வாளியையும் பூச்சிமருந்து வந்த டப்பாவையும் தொடவே வேண்டாம். ஊறுகாய் வாளியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: மாங்காய் ஊறுகாயின் உப்பும் எண்ணெயும் பிளாஸ்டிக்கின் விளிம்பிலும் மூடியின் வளையத்திலும் ஒட்டிக்கொண்டு, சாதாரணக் கழுவலுக்குப் போகாமல், பின்னர் ஒவ்வொரு முறை நீர் ஊற்றும்போதும் மண்ணில் இறங்கி இலை நுனியைக் கருக்கும். ஆகவே வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, ஒரு நாள் முழுவதும் நீர் நிரப்பி வைத்து, கொட்டி, மறுபடியும் கழுவுங்கள். ஊறுகாய் வாசனை இன்னும் இருந்தால் உப்பும் இருக்கிறது என்று கொண்டு இன்னொரு முறை ஊற வையுங்கள்.

வாளியின் அடியில் பென்சில் பருமனுக்கு ஐந்தாறு துளைகள் இடுங்கள். அடியில் கல் பரப்பினால் நீர் வடியும் என்று சொல்வார்கள். உண்மையில் நீர் கல்லுக்கு மேலுள்ள மண்ணிலேயே தேங்கி நின்று வேரை அழுகச் செய்யும். மண், மக்கிய தொழுவுரம், பருமணல் மூன்றையும் சம அளவில் கலந்தால் போதும். 'சிறப்பு மண்' மூட்டையும் தொட்டி, விதை, உரம் எல்லாம் அடங்கிய பெட்டியும் விற்பவர்களுடைய லாபம் உங்கள் அவசரத்தில்தான் இருக்கிறது. விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் ஊற்றப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள்.

வெள்ளை ஈக்கு ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கலந்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். சில நாட்கள் இடைவிட்டுத் தொடர வேண்டும். மஞ்சள் நிற மூடியில் வாசலின் தடவிச் செடியருகே தொங்கவிட்டால் ஈக்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். எண்ணிப் பார்க்கும் வேலையை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் விடலாம்.

ஐஸ்கிரீம் டப்பாக்களை எறிய வேண்டாம். துளையிட்டு, சமையலறை வெந்தயத்தை நெருக்கமாகத் தூவுங்கள். சில நாட்களில் முளைத்து, மூன்று நான்கு வாரத்தில் கீரையாகக் கிள்ளலாம். தக்காளிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க ஆறு வயதுக்குப் பொறுமை இருக்காது. கொத்தமல்லியைக் குளிர் தொடங்கிய பிறகு போடுங்கள். கோடையில் அது இலை விடாமல் பூத்துவிடும். கடையில் விதை வாங்க நேர்ந்தால், இளஞ்சிவப்போ நீலமோ பூசிய விதையைப் பிள்ளைகளின் கையில் கொடுக்காதீர்கள். அந்தப் பூச்சு பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி.