வலையில் ஒட்டுவது கடல் சளியா, பூங்கோரையா?

கேள்வி: பாம்பன் பக்கம் நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். நான்கு நாட்களாகக் கரையோரக் கடல் பச்சையாகி, கூழ்போல் வழவழவென்று வலையில் ஒட்டுகிறது. செத்த மீன்களும் ஒதுங்குகின்றன. துருக்கியில் கடலை மூடிய சளி இதுதான் என்று மகன் செல்போனில் ஒரு காணொளி காட்டுகிறான். வியாபாரியோ விஷ மீன் என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறார். இதற்கு என்னதான் பெயர்? மீனை விற்கலாமா, வீட்டில் சமைக்கலாமா?

பதில்: முதலில், உயிரோடு வலையில் ஏறிய மீனைப் பாதி விலைக்குக் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

நீங்கள் சொல்லும் நிறத்தையும் இடத்தையும் பார்த்தால் இது உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பூங்கோரை என்று சொல்வதுதான். ஆய்வகத்தில் நாக்டிலூகா என்பார்கள். பத்திரிகைகள் பாசி என்று எழுதினாலும் இது பாசி அல்ல. பிற நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும் ஒற்றைச் செல் உயிர். பச்சை நிறம் அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியால் வருகிறது. நீங்களே சோதித்துக்கொள்ளலாம். கண்ணாடி பாட்டிலில் கடல்நீரை மொண்டு வெயிலுக்கு நேரே பிடியுங்கள். ஜவ்வரிசி மிகப் பொடியாகச் சிறுத்ததுபோல் உருண்டை உருண்டையாகத் தெரியும். அசைக்காமல் வைத்தால் மெல்ல மேலே ஏறி, கழுத்தருகே பச்சை வளையமாக நிற்கும். இரவில் கையால் கலக்கினால் நீல ஒளி மின்னவும் கூடும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததற்கும் இதுவே காரணம்.

துருக்கியின் மர்மரா கடலில் 2021-ல் வந்தது வேறு. அங்கே கழிவுநீரின் சத்தும், வெப்பமும், அலையில்லாத நீரும் சேர்ந்தபோது நுண்பாசிகள் சர்க்கரைப் பசை போன்ற ஒன்றைக் கக்கின. அது திரண்டு மேலே படலமாகவும் அடியில் திரை திரையாகவும் தொங்கியது. துருக்கியர்கள் அதைக் கடலின் எச்சில் என்கிறார்கள். அதற்குக் கடல் சளி என்ற பெயர் பொருந்தும். அதைப் பாட்டிலில் பிடித்தால் உருண்டைகள் தெரியாது, இழை இழையாகக் கோழைதான் தெரியும். பூங்கோரையும் செத்து அழுகும்போது வழவழக்கும் என்பதால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன.

மீன் சாவது விஷத்தால் அல்ல. பூங்கோரை பெருகி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது. அதன் உடலில் இருக்கும் அம்மோனியாவும் கசிகிறது. மூச்சு முட்டித்தான் மீன் சாகிறது. 2008 அக்டோபரிலும் 2019 செப்டம்பரிலும் மன்னார் வளைகுடாவில் இதுதான் நடந்தது. 2019-ல் பவளப்பாறைகளும் அடிபட்டன. ஆகவே துள்ளத் துடிக்கப் பிடித்த, செவுள் சிவந்திருக்கும் மீனைத் தாராளமாக விற்கலாம், சமைக்கலாம்.

கரையில் ஒதுங்கிய மீனைத் தொடாதீர்கள். விஷம் விஷம் என்று காலையில் மீனவரை மிரட்டிய அதே வியாபாரி, மாலையில் ஒதுங்கிய மீனைக் கூடையில் அள்ளி உப்பில் போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கருவாடாகிவிட்டால் அது எந்தக் கரையில் கிடந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்? அழுகிய மீனை உப்பு நல்ல மீனாக்காது. இறால் பண்ணை மருந்தை மூட்டையாகக் கொண்டுவந்து, கடலில் தூவினால் பாசி ஓடிவிடும் என்று சங்கத்திடம் பணம் கேட்கிறவனையும் ஊருக்குள் விடாதீர்கள். காற்றும் நீரோட்டமும் மாறினால் பூங்கோரை தானே கலைந்துவிடும்.

மட்டியும் சிப்பியும் மட்டும் வேறு கணக்கு. இதை அழுத்திச் சொல்கிறேன், வீட்டுப் பெண்களிடமும் சொல்லுங்கள். மீன் நீந்தி ஓடிவிடும். மட்டி இருந்த இடத்திலேயே இருந்து, நாளெல்லாம் நீரை வடிகட்டி, அதில் இருப்பதையெல்லாம் உடலில் சேர்த்துக்கொள்ளும். பூங்கோரையோடு வேறு விஷ நுண்ணுயிர் கலந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. அந்த விஷம் வேகவைத்தாலும் போகாது, புளி ஊற்றினாலும் போகாது. 1981-ல் தமிழ்நாட்டில் மட்டி தின்று மூன்று பேர் இறந்தார்கள். 1997-ல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று ஏழு பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். கடல் நிறம் மாறியிருக்கும் வரையிலும், தெளிந்து சில வாரங்கள் வரையிலும் மட்டி வேண்டாம். தின்றபின் உதடும் விரல்நுனியும் மரத்தால் அடுத்த நிமிடமே மருத்துவமனை.

வலையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவையுங்கள். பிளீச்சிங் பவுடர் நைலான் இழையை அரித்துவிடும்.

பெயரைக் கேட்டீர்களே, அது சின்ன விஷயமல்ல. நிவாரணம் கேட்டு எழுதும் மனுவில் கழிவு என்று எழுதினால் மாசுக்கட்டுப்பாட்டுக்காரரிடம் போகும். அவர் இது இயற்கை என்று திருப்பி அனுப்புவார். பாசி என்று எழுதினால் பாசிக்கு எதற்கு நிவாரணம் என்பார்கள். ஒரு ஊர்ச் சங்கத்துக்காக நானே எழுதிய மனு மூன்று அலுவலகங்கள் சுற்றி, கடல் தெளிந்த பிறகு ஆய்வுக்கு வந்தது. அப்போது எடுத்த நீரில் என்ன இருக்கும்? மத்திய அரசின் பேரிடர் நிவாரணப் பட்டியலில் புயல், வறட்சி, வெள்ளம், சுனாமி என்று பல இருக்கின்றன. பயிரைத் தின்னும் பூச்சிக்குக்கூட அதில் இடமுண்டு, மீனவன் பிழைப்பைத் தின்னும் பூங்கோரைக்கு இல்லை. பத்து நாள் படகு கரையில் கிடந்தால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று பட்டியல் போட்டவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஆகவே மனுவில் "பூங்கோரை (நாக்டிலூகா) பெருக்கம், அதனால் மீன் இறப்பு" என்றே எழுதுங்கள். பாட்டிலில் பாதி நீர், பாதி காற்று இருக்கும்படி நிரப்பி நிழலில் வைத்து, அன்றைக்கே மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோங்கள். மறுநாளைக்கு வைத்தால் பாட்டிலுக்குள்ளேயே செத்து நாறிவிடும். பாட்டிலின் மேல் இடம், தேதி, மொண்ட நேரம் மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். நேரம் எழுதவில்லை என்றே ஒரு பாட்டிலைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.